ஐந்து மீன் பிடிக்கலாம் என்றால்

‘ஒருவர் ஒரு நாளில் ஐந்து மீன் பிடிக்கலாம்.’ இந்தத் தொடரின் பொருளை நம்மிடம் யாரேனும் கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுவோம். ஐந்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பதுதானே அது. ஆனால் தமிழில் ‘-லாம்’ என்னும் ஈற்றுக்கு ஒரு பொருள் மட்டும் இல்லை. ‘உள்ளே வரலாம்’ என்பது அனுமதி. ‘நாளை மழை வரலாம்’ என்பது வாய்ப்பு. ‘வாருங்கள், போகலாம்’ என்பதோ அழைப்பு. தொழிற்பெயரோடு ‘ஆம்’ சேர்ந்து பிறந்த இவ்வடிவம், தடையில்லை என்பதிலிருந்து செய்வோம் வாருங்கள் என்பது வரை ஓசையின்றி நகர்ந்துவிடக் கூடியது. மொழியியல் வகுப்பில் இதை வினைநோக்குப் பொருளின் நெகிழ்ச்சி என்று படித்துவிட்டுக் கடந்துபோவோம். கடலோரத்தில் அந்த நகர்வுக்கு விலை உண்டு. ஐந்துக்கு மேல் கூடாது என்று எழுதப்பட்ட விதி, ஐந்தும் பிடிப்போம் வாருங்கள் என்று வாசிக்கப்படும் கதையைத்தான் இங்கு எழுத விரும்புகிறேன். பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

விதி கற்பனையன்று. கனடாவின் கிழக்கு ஓரத்தில் நியூஃபவுண்ட்லாந்தில் கோடைகாலத்தில் நடக்கும் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கு உரியது. அங்கே மக்கள் அதனை உணவு மீன்பிடிப்பு என்றே அழைக்கிறார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து. மூவரோ அதற்கு மேற்பட்டோரோ செல்லும் படகுக்கு மொத்தம் பதினைந்து. கைத்தூண்டில் போதும். உரிமம் வேண்டியதில்லை, பிடித்த மீனில் கட்ட வேண்டிய அட்டையும் இல்லை. பிடித்த காட் மீனைச் சிறியதென்று திரும்பக் கடலில் விட்டுவிட்டுப் பெரியதைத் தேடவும் கூடாது. வந்ததைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

நான் அத்தீவைப் பார்த்ததில்லை. முதுகலைப் படிப்பில் வட்டார வழக்கு அகராதிகளைப் பற்றிய ஒரு கட்டுரைக்காக, 1982-இல் வெளிவந்த நியூஃபவுண்ட்லாந்து ஆங்கில அகராதியைப் புரட்ட நேர்ந்தது. அதில் என்னை நிறுத்திய பதிவு மிக எளிய ஒரு சொல்லுக்குரியது. அத்தீவின் பேச்சில் ‘மீன்’ என்ற பொதுச்சொல்லுக்குக் காட் மீன் என்றே பொருள். மற்றவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் உண்டு. காட் மட்டும் வெறும் ‘மீன்’. ஒரு சமூகம் எதனால் உயிர் வாழ்கிறது என்பதை அதன் பொதுச்சொற்கள் காட்டிக்கொடுத்துவிடும். நமக்குச் ‘சாப்பாடு’ என்றால் சோறு ஆனதைப் போல.

அந்த ‘மீன்’ எப்படி இல்லாமற் போயிற்று என்பது மீன்வள அறிவியல் மாணவர்கள் அனைவரும் அறிந்த வரலாறு. ஏனைய துறையினருக்காகச் சுருக்கமாகக் கூறுகிறேன். 1497-இல் ஜான் கேபட் வந்தது முதல் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் ஐரோப்பியர் அங்கே காட் பிடித்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் வடபகுதிக் காட் கூட்டத்திலிருந்து ஆண்டுதோறும் எடுக்கப்பட்டது பெரும்பாலும் 3 இலட்சம் டன்னுக்குக் கீழேயே இருந்தது. பின்னர் உறைபதன வசதியுள்ள பெரும் இழுவைக் கப்பல்கள் பல நாடுகளிலிருந்தும் வந்தன. 1968-இல் மட்டும் 8 இலட்சம் டன்னுக்கு மேல் வாரப்பட்டது. கூட்டம் சரிந்தது. 1977-இல் கனடா தன் கடல் எல்லையை 200 கடல் மைலுக்கு விரித்து அயல்நாட்டுக் கப்பல்களைப் பெரும்பாலும் வெளியேற்றியது. இனி எல்லாம் அறிவியலின்படி நடக்கும் என்றார்கள். ஆண்டுதோறும் மொத்த அனுமதிப் பிடிப்பு என்று ஓர் எண் அறிவிக்கப்பட்டது.

அந்த எண் எப்படி வந்தது என்பதுதான் இங்கு முக்கியம். கூட்டத்தில் உள்ள மீனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மட்டும் ஆண்டுதோறும் எடுப்பது என்பது கொள்கை. உலகளவில் அன்றைய நிலையில் எச்சரிக்கையான கொள்கைதான். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு என்பதைக் கணக்கிட, மொத்தம் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். கடலுக்கடியில் யார் எண்ணுவது? ஆய்வுக் கப்பலின் மாதிரி வலைவீச்சு ஒரு சான்று. வணிகக் கப்பல்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பிடிக்கின்றன என்பது மற்றொன்று. இரண்டாவது சான்றுதான் ஏமாற்றியது. எண்ணிக்கை குறையும்போது காட் மீன்கள் கடல் முழுதும் அடர்த்தி குறைந்து பரவியிருக்கவில்லை. எஞ்சிய இடங்களில் நெருங்கித் திரண்டன. ஒலிக்கருவி கொண்ட கப்பல்கள் அந்தத் திரள்களைத் தேடிச் சென்று வலையிட்டன. எனவே கூட்டம் கரைந்துகொண்டிருக்க, மணிக்கணக்கு மட்டும் செழிப்பாகவே இருந்தது. கரையோரச் சிறு மீனவர்களோ, மீன் வரவில்லை, வருவதும் சிறிதாக இருக்கிறது என்று 1980களின் நடுவிலேயே முறையிட்டார்கள். அவர்களின் சங்கம் கல்வியாளர்களைக் கொண்டு தனியாக ஒரு மதிப்பாய்வே செய்வித்தது. அது பெரிதாகச் செவிமடுக்கப்படவில்லை.

1988-இல் வரம்பு 266,000 டன். பிடிப்பும் ஏறத்தாழ அதே அளவு. அதாவது வரம்பு நிரம்பியது. அடுத்த ஆண்டுக்கான மறுகணக்கீட்டில், கொள்கைப்படி நடப்பதானால் 125,000 டன்னுக்கு மேல் போகக் கூடாது என்று அறிவியலாளர்கள் கூறினர். ஐந்தில் ஒன்று என்று எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் உண்மையில் அதைப் போல் இருமடங்குக்கும் மேலாக எடுக்கப்பட்டிருந்தது. பாதியாகக் குறைத்தால் ஆலைகள் மூடப்படும், ஊர்கள் காலியாகும் என்று அஞ்சிய அரசு 1989-க்கு 235,000 டன் என்று அறிவித்தது. மெமோரியல் பல்கலைக்கழகத் தலைவர் லெஸ்லி ஹாரிஸ் தலைமையிலான குழு 1990-இல் 190,000 டன் என்றது. அவ்வாண்டின் வரம்பு அதைவிடவும் சற்று அதிகமாகவே அமைந்தது. 1992 ஜூலை 2 அன்று மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி தடையை அறிவித்தார். இரண்டு ஆண்டுகளுக்கு என்றார்கள். முட்டையிடும் வயதுடைய மீன்களின் எடை பழைய நிலையில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்திருந்தது. ஏறத்தாழ 30,000 பேர் ஒரே நாளில் வேலை இழந்தனர்.

தடைக்கு முந்தைய நாள் பே புல்ஸ் என்ற ஊரில் கொதித்தெழுந்த மீனவர்களிடம், கடலிலிருந்து மீனை எடுத்தது நான் இல்லை என்ற பொருள்படக் கிராஸ்பி சீறினார். அது இன்றும் அங்கே பேசப்படும் வாக்கியம். அமைச்சரின் ஆணவம் என்று அதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அவர் சொன்னது உண்மை. மீனை எடுத்தவர்களிலும் பெரும்பாலோர் சட்டத்தை மீறவில்லை. கப்பல் நிறுவனம் தனக்கு ஒதுக்கிய பங்கைப் பிடித்தது. ஆலை தனக்கு வந்ததை வெட்டியது. அதிகாரி அறிவித்த எண்ணைக் கண்காணித்தார். அக்காலத்தில் கடல்நீர் வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்திருந்தது, காட் மீனின் இரையான கேப்பலின் மீனும் குறைந்தது. இவையும் சரிவுக்குக் காரணமாயின என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆயினும் மனிதர் பங்கைப் பொறுத்தவரை இது பெரிதும் வரம்புக்குள் நடந்த அழிவு. ஒவ்வொருவரும் தன் ‘பிடிக்கலாம்’ என்பதை நிறைவேற்றினார்கள். அழிவுக்குப் பொறுப்பானவர் யாரென்று தேடினால் விரல் நீட்ட ஆள் அகப்படாத நிலை இப்படித்தான் உருவாகிறது.

ஆங்கிலத்தின் ‘லிமிட்’ என்ற சொல்லுக்கு மூலமான இலத்தீன் ‘லீமெஸ்’ என்பதற்கு, வயல்களுக்கு இடையிலான எல்லைப் பாதை என்று பொருள். நம் ‘வரம்பு’ம் முதலில் வயல் வரப்புதான். இரு மொழிகளும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே இடத்திலிருந்து இந்தக் கருத்தை எடுத்திருக்கின்றன. வரப்பு இருபுறத்தையும் நினைவூட்டுவது. அந்தப் பக்கம் வேறொருவர் நிலம் இருக்கிறது. ‘கோட்டா’ அப்படிப்பட்ட சொல் அன்று. எத்தனையாவது பங்கு என்ற இலத்தீன் வினாவிலிருந்து வந்தது அது. அதாவது என் பங்கு எவ்வளவு என்பது. மீன்வள நிர்வாகத்தின் சொல்லாட்சியில் கடந்த அரை நூற்றாண்டில் நிகழ்ந்திருப்பது, வரம்பு கோட்டாவாக மாறியதுதான் என்பது என் துணிபு. வட அமெரிக்கத் தூண்டில்காரர்களின் பேச்சில் இது இன்னும் தெளிவு. அவர்கள் ‘என் லிமிட்’ என்று உடைமைச் சொல் சேர்த்துப் பேசுவார்கள். அது கிடைத்தது என்பார்கள். அச்சொல் வினையாகவும் ஆகிவிட்டது. தடுப்புச் சுவரைத் தன் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் பொருளாக மாற்றிவிட்ட இலக்கணம் இது.

இனி நெறி பற்றிய கேள்விக்கு வருகிறேன். சட்டம் ஐந்து என்கிறது. ஒருவர் ஐந்தும் பிடித்து வீட்டுக்குக் கொண்டு செல்கிறார். அதில் தவறென்ன?

தவறில்லை என்பவர்களின் முதல் வாதம், அந்த ஐந்தை அறிவியலாளர்கள் கணக்கிட்டுத்தானே தந்தார்கள் என்பது. இது பாதிதான் உண்மை. தனிநபர் நாள்வரம்பு பெரும்பாலான இடங்களில் எப்படிச் செயல்படுகிறது என்று பாருங்கள். நாளுக்கு இத்தனை என்று விதித்த பின், எத்தனை பேர் வருவார்கள், எத்தனை நாள் வருவார்கள் என்பதற்குக் கட்டுப்பாடு இல்லை. அப்படியும் மீன்கூட்டம் தாக்குப்பிடிக்கிறது என்றால், பெரும்பாலோர் வரம்பை எட்டாமலே திரும்புகிறார்கள் என்பதே காரணம். ஜான் போஸ்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் கனடாவின் நன்னீர்த் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் சுட்டியது. கண்ணுக்குத் தெரியாத சரிவு என்று அவர்கள் அதைக் கேள்வியாக முன்வைத்தார்கள். ஆளுக்குரிய வரம்பு மொத்தப் பிடிப்பைக் கட்டுப்படுத்துவதில்லை. நியூஃபவுண்ட்லாந்தின் உணவு மீன்பிடிப்பு 2020களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு நாற்பது நாள் அளவில் நடந்தது. ஒருவர் எல்லா நாளும் சென்று எல்லா நாளும் ஐந்து பிடித்தால் இருநூறு மீன். சட்டப்படி முற்றிலும் சரி. தீவில் உள்ள ஐந்து இலட்சம் பேரும் அப்படிச் செய்தால் என்னாகும் என்று யாரும் கணக்கிட்டு அந்த ஐந்தை வைக்கவில்லை. செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வைத்தார்கள். உரிமமும் அட்டையும் இல்லாததால் உண்மையில் எவ்வளவு பிடிபடுகிறது என்பதற்கு நேரடிக் கணக்கும் கிடையாது. அடையாளமிட்டு விட்ட மீன்கள் எத்தனை திரும்பி வருகின்றன என்பதைக் கொண்டு மறைமுகமாகவே மதிப்பிடுகிறார்கள்.

ஆக, நாள்தோறும் வரம்பை நிரப்புபவர் சட்டம் தந்த உரிமையை மட்டும் பயன்படுத்தவில்லை. நிரப்பாமல் விட்டவர்களின் நிதானத்தையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார். எல்லாரும் தன்னைப் போல் நடந்தால் அந்த விதியே நிலைக்காது என்பதை அறிந்தும் அவர் அதன் பயனை எடுத்துக்கொள்கிறார். அற ஆய்வில் இதற்குப் பழைய பெயர்கள் பல உண்டு. நம் ஊர் வழக்கில் சொன்னால், அன்னதானப் பந்தியில் யாரும் அளந்து பரிமாறுவதில்லை என்பதற்காக அண்டாவைக் கொண்டுபோய் நீட்டுவது.

இரண்டாம் வாதம்: நான் விட்டால் வேறொருவர் பிடிப்பார். இதில் தத்துவத்தைவிட நடைமுறை வலிமை அதிகம். பெருங்கப்பல்கள் வாரிச் சென்ற கடலில் ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளி மூன்றாவது மீனோடு நிறுத்திக்கொள்வதால் காட் கூட்டம் மீளப்போவதில்லை. இதை நான் மறுக்கவில்லை. என் கருத்து வேறு. ‘சட்டம் அனுமதிக்கிறது’ என்ற விடை அவருக்குப் போதாது, ஆனால் அவரிடம் அதைவிட நல்ல விடை இருக்கிறது: குளிர்காலம் முழுவதற்கும் உப்பிட்டும் உறையவைத்தும் வைத்துக்கொள்ளும் உணவு இது, என் பாட்டன் செய்தது, வீணாக்கமாட்டேன். இவ்விடையை நான் ஏற்பேன். ஐந்தும் பிடித்துக்கொண்டு போகட்டும். உறைபெட்டியில் சென்ற ஆண்டின் மீன் இன்னும் கிடக்க, ஐந்து என்பதால் ஐந்து பிடிப்பவரிடம் இந்த விடை இல்லை. வேறுபாடு எண்ணில் இல்லை, காரணத்தில் இருக்கிறது. அனுமதி ஒரு காரணமாகாது. பிற காரணங்களுக்கு இடம்விடுவதே அதன் வேலை.

பிடித்துவிட்டு மீண்டும் நீரில் விடுபவர்கள் தம்மை இந்தக் கேள்விக்கு வெளியே நிறுத்திக்கொள்வது வழக்கம். விளையாட்டு மீனை ஒரே ஒருமுறை பிடித்து முடித்துவிடுவது வீண் என்ற கருத்தை அமெரிக்கரான லீ வுல்ஃப் 1939-லேயே எழுதினார். இன்று அது ஒரு பண்பாடாகவே வளர்ந்திருக்கிறது. விட்டவற்றில் ஒரு பகுதி பின்னர் இறக்கிறது. ஆழத்திலிருந்து விரைவாக இழுக்கப்பட்ட மீனின் காற்றுப்பை அழுத்த மாற்றத்தால் உப்பிவிடும். உண்ணவும் செய்யாமல், பிழைக்கும் என்ற உறுதியும் இல்லாமல் நாளெல்லாம் முப்பது மீனைத் தூண்டிலில் ஏற்றி இறக்குபவர், ஐந்தைக் கொன்று தின்பவரைவிட மேலானவர் என்று என்னால் ஒப்ப முடியவில்லை. இந்த இடத்தில் மரக்கறி நண்பர்கள் மகிழ வேண்டாம். கேள்வி அவர்கள் தட்டுக்கும் நிலத்தடி நீர் வழியாக வந்து சேரும்.

கைத்தூண்டில்காரரைப் பற்றி இவ்வளவு பேசிய பின், பெரிய அளவில் இதே இலக்கணம் எப்படிச் சட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லாவிட்டால் அநீதியாகும். 1982-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடல் சட்ட உடன்படிக்கையில் 61, 62 ஆகிய உறுப்புகளைப் படித்துப் பாருங்கள். கரையோர நாடு தன் பொருளாதார மண்டலத்தில் அனுமதிக்கத்தக்க பிடிப்பை வரையறுக்க வேண்டும். அதை முழுதும் பிடிக்கத் தன்னிடம் திறன் இல்லையென்றால், எஞ்சியதைப் பிற நாடுகள் பிடிக்க இடமளிக்க வேண்டும். எஞ்சியதற்கு அங்கே வழங்கும் பெயர் உபரி. யாருக்கு உபரி? கடலில் விடப்பட்ட மீனை அடுத்த ஆண்டின் விதையாக, கடற்பறவையின் இரையாக, நம் கணக்கு பிழைத்தால் காக்கும் சேமிப்பாகக் காண்பதற்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை. பிற்காலத்தில் சிந்தனை மாறியது உண்மை. நீடிக்கத்தக்க உச்ச விளைச்சல் என்ற கருத்துக்குப் பீட்டர் லார்க்கின் 1977-லேயே கல்லறை வாசகம் எழுதிவிட்டார். 1995-இன் மீன்கூட்ட உடன்பாடு அந்த உச்சத்தை எட்ட வேண்டிய இலக்காக அன்றி, தாண்டக் கூடாத எல்லைக்கான குறைந்தபட்ச அளவுகோலாகக் கருதச் சொல்கிறது. இந்தியா 2003-இல் அதனை ஏற்று உறுதிசெய்தது.

உறுதிசெய்த நாட்டின் பேச்சு எப்படி இருக்கிறது? இந்தியக் கடற்பகுதியில் ஆண்டுதோறும் பிடிக்கத்தக்க வளம் 53.1 இலட்சம் டன் என்று 2018-இன் மறுமதிப்பீடு கூறுகிறது. கரையில் இறங்குவது ஏறத்தாழ 35 இலட்சம் டன். இடைவெளியைப் பற்றி நம் அரசு அறிக்கைகளிலும் அமைச்சர்களின் உரைகளிலும் வரும் சொல் ‘பயன்படுத்தப்படாத வளம்’. இவ்விடைவெளியின் பெரும்பகுதி ஆழ்கடலிலும் வழக்கமாகப் பிடிக்கப்படாத இனங்களிலும் இருக்கிறது. கரையோர நீரில் இனி எடுப்பதற்கு அதிகமில்லை என்று 2017-இன் தேசியக் கொள்கையே ஒப்புக்கொள்கிறது. இருந்தும் அந்தச் சொல் நிற்கிறது. எண் ஒன்று அறிவிக்கப்பட்டவுடன் அதற்குக் கீழே இருப்பது குறைபாடாகத் தெரியத் தொடங்குகிறது. 53.1 என்பது ஒரு மதிப்பீடு. இருபுறமும் பிழை உடையது. 266,000 எப்படியோ அப்படி. ஆய்வேடுகளில் நாமும் இந்தச் சொல்லை எழுதுகிறோம். மீன்வளத் துறை நண்பர்களின் முன்னுரைகளில் முதல் பக்கத்திலேயே அது வந்துவிடும். நிதி கோரும் விண்ணப்பத்தில் அது இல்லாவிட்டால் ஆய்வுக்குத் தேவையே இல்லாதது போலத் தோன்றும் என்கிறார்கள். புரிகிறது. ஆனாலும் அடுத்த முறை எழுதும்போது, ‘கடலில் விடப்பட்டுள்ள வளம்’ என்று ஒருமுறை எழுதிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வாக்கியத்தின் மீதிப் பகுதி தானாக மாறுவதைக் காண்பீர்கள்.

எடையால் வரம்பு கட்டும் வழக்கம் நம் கடலில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாட்களாலும் வலைக்கண்ணாலும் மீனின் நீளத்தாலும் கட்டுகிறோம். கேரளம் 2015-இல் குறைந்தபட்ச நீளத்தைச் சட்டமாக்கியது: மத்திக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14. அம்மாநிலத்தில் 2012-இல் ஏறத்தாழ 3.9 இலட்சம் டன் இறங்கிய மத்தி, 2021-இல் சுமார் 3,300 டன்னாகச் சுருங்கியது. மறு ஆண்டே ஓர் இலட்சம் டன்னை ஒட்டி எழுந்தது. கடல்வெப்பமும் பருவமழையும் மத்தியை எப்படி ஆட்டிவைக்கின்றன என்பதற்கு இது சான்று. பிடிப்பு மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. இப்படி ஏறியிறங்கும் ஒரு மீனுக்கு, நல்ல ஆண்டின் அளவை இயல்பான அளவாகக் கொண்டு படகும் கடனும் பெருக்குவதில்தான் ஆபத்து. அந்தக் கடன் இருக்கும் வரை எந்த வரம்பும் நிரப்பப்பட வேண்டிய பாத்திரமாகவே இருக்கும். வட்டி கட்ட வேண்டியவரிடம் நிதானத்தைப் போதிப்பது நமக்கு எளிது. மாத இறுதியில் உதவித்தொகை வங்கிக்கு வந்துவிடும் நாம் அதைச் செய்வதில் எனக்குக் கூச்சம் உண்டு.

எண்ணே இல்லாமல் கட்டுப்பாடு நடந்த இடங்களும் உண்டு. சோழமண்டலக் கரையின் பட்டினவர் ஊர்ப் பஞ்சாயத்துகளைப் பற்றி மார்ட்டன் பாவின்க் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அப்பஞ்சாயத்துகள் ஆளுக்கு இத்தனை கூடை என்று வரையறுப்பதில்லை. ஒரு புதிய வலை வரும்போது, இது மற்றவர் பாட்டைக் கெடுக்குமா என்று கேட்கின்றன. கெடுக்கும் என்றால் ஊர் அதைத் தடுக்கிறது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துச் சிங்கி இறால் பிடிப்போர், முட்டையோடு அகப்படும் பெண் இறாலின் வாலில் சிறு வெட்டுக்குறி இட்டுக் கடலில் விடுகிறார்கள். பின்னொரு நாள் முட்டையின்றி அது வேறொருவர் கூண்டில் அகப்பட்டாலும், அக்குறியைக் கண்டவர் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்பின் அறியாத ஒருவர் விட்டுச் சென்ற குறிக்கு இன்னொருவர் கட்டுப்படுகிறார். இவற்றைப் பொற்காலமாக வர்ணிக்கும் எண்ணம் எனக்கில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்களுக்கு இடமில்லை; மேய்னில் வெளியூரார் கூண்டுக் கயிற்றை அறுத்துவிடும் கதைகளும் உண்டு. ஆனால் இரண்டிலும் கேள்வி ‘எனக்கு எவ்வளவு’ என்று தொடங்குவதில்லை.

நியூஃபவுண்ட்லாந்தின் அந்த இரண்டு ஆண்டுத் தடை முப்பத்திரண்டு ஆண்டுகள் நீடித்தது. 2023 இலையுதிர் காலத்தில் கனடிய அறிவியலாளர்கள் 1954 வரை பின்சென்று தரவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் புதிய மாதிரியைக் கொண்டுவந்தனர். அதன்படி அபாய எல்லைக்கோடு கீழே இறங்கியது; காட் கூட்டம் அபாய நிலையிலிருந்து எச்சரிக்கை நிலைக்கு மாறியதாக அறிவிக்கப்பட்டது. கடலில் மீன் திடீரெனப் பெருகிவிடவில்லை, கோடுதான் நகர்ந்தது. அறிவியல் முறைப்படி அம்மாற்றம் நியாயமானதாகவே இருக்கலாம். அதைத் தீர்ப்பளிக்கும் தகுதி எனக்கில்லை. 2024 ஜூனில் அரசு தடையை நீக்கி 18,000 டன் என்று வரம்பு வைத்தது. முதல் 115,000 டன் கரையோரச் சிறு மீனவர்க்கே என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த வாக்குறுதி இருக்க, பெரிய இழுவைக் கப்பல்களுக்கும் ஒரு சிறு பங்கு கொடுக்கப்பட்டது. அதை எதிர்த்து முதலில் குரல் எழுப்பியவர்களில் மீனவர் சங்கமும் இருந்தது. அதிகம் பிடிக்க விடுங்கள் என்று கேட்பவர்கள் மீனவர்கள், வேண்டாம் என்பவர்கள் சூழலியலாளர்கள் என்ற நம் வகுப்பறை வரைபடம் அங்கே பொருந்தவில்லை.

2025-க்கான வரம்பு 38,000 டன். ஓராண்டில் இருமடங்குக்கு மேல். காட் உண்ணும் கேப்பலின் கூட்டமோ 1991-இன் சரிவிலிருந்து இன்னும் முழுதாக மீளவில்லை.